நாவல், கவிதை, நாடகம்: புதிதாகப் படிக்க வருகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

எங்கள் ஊர் கிளை நூலகத்தின் மாடியில் மாதத்தின் கடைசி ஞாயிறு மாலை பத்துப் பதினைந்து பேர் கூடுகிறோம். ஆசிரியர்கள் உண்டு, மோட்டார் காயில் கட்டுகிறவர் உண்டு, வங்கியில் ஓய்வு பெற்ற அம்மா ஒருவர், கல்லூரிப் பிள்ளைகள் நாலைந்து பேர். புதிதாக வருகிற ஒவ்வொருவரும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். எழுதி வைத்துவிட்டால் என் தொண்டைக்கு மிச்சம் என்று உட்கார்ந்தேன்.

பள்ளிக்கூடத்தில் தமிழ்ப் பாடம் என்றாலே கசப்பு. இந்த வயதுக்கு மேல் எனக்கு இலக்கியம் ஒட்டுமா?

உங்களுக்குக் கசந்தது இலக்கியமா, மனப்பாடப் பகுதியா என்று முதலில் பாருங்கள். "அலகிட்டு வாய்பாடு காண்க", "இடஞ்சுட்டிப் பொருள் விளக்குக", "நயம் பாராட்டுக" என்று மூன்று வாக்கியங்களைக் கேட்டாலே இன்னும் எனக்கு வயிறு கலங்கும். நயத்தைக் காட்டாமலே பாராட்டச் சொன்னார்கள். எதுகை இருக்கிறது, மோனை இருக்கிறது, ஆகவே கவிதை இனிக்கிறது என்று நாமும் எழுதிவிட்டு வந்தோம். பந்தியில் இலையைப் போட்டுவிட்டுச் சோறு வைக்காமல் "ருசி எப்படி?" என்று கேட்ட மாதிரி.

பள்ளியில் முதலில் பொருள் விளங்க வேண்டும், பிறகுதான் ரசிக்கலாம். வெளியே அப்படி யாரும் எதையும் ரசிப்பதில்லை. ருசி முதலில் வந்துவிடும், விளக்கம் பின்னால் நடந்து வரும், சில சமயம் வராமலே போகும். எங்கள் காயில் கட்டும் நண்பர் பத்தாம் வகுப்பில் தமிழில் தோற்றவர். நாற்பத்திரண்டு வயதில் பூமணியின் 'வெக்கை'யை இரண்டே இரவில் முடித்துவிட்டு, காலையில் கடையைக்கூடத் திறக்காமல் எனக்குப் போன் செய்தார்.

எந்த நாவலில் ஆரம்பிக்கலாம்?

"தமிழின் முதல் நாவலிலிருந்து வரிசையாக" என்று ஒருவர் கிளம்பினார். மாயூரம் வேதநாயகம் பிள்ளை எழுதிய 'பிரதாப முதலியார் சரித்திரம்', 1879. முன்சீப்பாக இருந்தவர் எழுதிய, நகைச்சுவை நிறைந்த புத்தகம்தான். ஆனால் கதை நடுவே உபதேசம் பக்கம் பக்கமாக வரும். நண்பர் இருபதாம் நூற்றாண்டை எட்டவே இல்லை. வரலாற்று வரிசை ஆய்வாளர்களுக்கு. உங்களுக்கு வேண்டியது உங்கள் வாழ்க்கைக்குப் பக்கத்து வீட்டில் நடக்கிற கதை.

சென்னையில் தண்ணீர் லாரிக்குக் குடம் வரிசை போட்டவர் என்றால் அசோகமித்திரனின் 'தண்ணீர்'. மெல்லிய புத்தகம். ஒரு தெரு, குழாயில் காற்று மட்டும் வருகிற நாட்கள், ஜமுனா, அவள் தங்கை சாயா. பெரிதாக ஒன்றும் நடப்பதில்லை என்று தோன்றும். முடித்த பிறகு குடம் நிரம்பும் சத்தமே வேறு மாதிரி கேட்கும்.

கும்பகோணம், காவிரி, சங்கீதம் என்றால் காது நிமிர்கிறவருக்குத் தி. ஜானகிராமனின் 'மோகமுள்'. பாபுவுக்குத் தன்னைவிடப் பத்து வயது மூத்த யமுனா மேல் வரும் மோகம்தான் கதை. ஆனால் எனக்கு அதில் பிடித்தது ரங்கண்ணாவின் வீடு. ஒரு குரு சீடனுக்குக் கேட்கக் கற்றுக்கொடுக்கிற பக்கங்களைப் படித்தபின் காக்கை கத்துவதைக்கூட சுருதி பிடித்துக் கேட்டுக்கொண்டிருந்தேன், ஒரு வாரம்.

விறுவிறுப்பு வேண்டும் என்றால் 'வெக்கை'. 1982இல் வந்தது. ஆரம்பத்திலேயே கொலை நடந்துவிடுகிறது. வெட்டிவிட்டு ஓடுகிறவனுக்குப் பதினைந்து வயது. மற்ற நாவல்காரர் என்றால் போலீஸ் துரத்தலில் இறங்கியிருப்பார். பூமணியோ அப்பனையும் மகனையும் காட்டிலும் ஓடையிலும் விட்டு, அவர்கள் சமைப்பதையும் சாப்பிடுவதையும் சொல்லிக்கொண்டு போகிறார். ஒளிந்திருப்பவனுக்கும் பசிக்கும் இல்லையா? அந்தச் சாப்பாட்டில்தான் பாசமும் பயமும் இருக்கிறது.

'பொன்னியின் செல்வன்' படித்திருக்கிறேன். அது போதாதா?

அதை மட்டமாகப் பேசுகிறவர்களோடு எனக்கு ஒட்டாது. ஆடிப் பதினெட்டன்று வீரநாராயண ஏரிக் கரையில் வந்தியத்தேவன் குதிரையில் வருகிற அந்தத் தொடக்கம் எத்தனையோ குடும்பங்களைப் படிக்க வைத்தது. ஐந்து பாகங்கள். 1950 முதல் கல்கி இதழில் வாரா வாரம் தொடராக வந்ததால் ஒவ்வொரு அத்தியாயத்தின் கடைசியிலும் ஒரு கொக்கி இருக்கும். அடுத்த வாரம் வரை வாசகரைத் தொங்கவிட வேண்டுமே.

அந்தக் கொக்கிக்குப் பழகிய கண்ணுக்கு மற்ற நாவல்கள் முதலில் சப்பென்று இருக்கும். அது உங்கள் குறையும் இல்லை, அந்த நாவல்களின் குறையும் இல்லை. குழம்பில் காரம் குறைந்தால் காயின் ருசி தெரிய இரண்டு வாய் ஆகும், அவ்வளவுதான். கல்கியிலிருந்து நேராக ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'க்குத் தாவாதீர்கள். மெடானும் பினாங்கும் இரண்டாம் உலகப் போருமாக அது பெரிய விருந்து, ஆனால் வழி தெரியாமல் நுழைந்தால் மூச்சு முட்டும். நடுவில் இரண்டு மூன்று நாவல்கள் ஆகட்டும்.

ஐம்பது பக்கம் தாண்ட முடியவில்லை. பாதியில் விடலாமா?

தாராளமாக. அலமாரியில் வையுங்கள். புத்தகம் கோபித்துக்கொள்ளாது.

வட்டார வழக்கு புரியவில்லை. ஒவ்வொரு வார்த்தைக்கும் யாரைப் போய்க் கேட்பது?

கேட்காதீர்கள், வாய்விட்டுப் படியுங்கள். அச்சில் முரண்டு பிடிக்கிற சொல் காதில் விழுந்ததும் வழிக்கு வந்துவிடும். கி. ராஜநாராயணனின் 'கோபல்ல கிராமம்' எழுதப்பட்டதே திண்ணைப் பேச்சாக. அதை மனசுக்குள் படிப்பது, கதை சொல்லும் பாட்டியை வாய் மூடச் சொல்லிவிட்டு உதட்டசைவைப் பார்ப்பது போல. கரிசல் வட்டாரத்துக்கென்று அவரே ஒரு சொல்லகராதியும் தொகுத்தார். ஆனால் முதல் தடவை அகராதி பக்கம் போகாதீர்கள். பத்துச் சொல் தெரியாமல் போனால் குடி முழுகாது.

படமாக வந்துவிட்டது. இனி நாவலைப் படித்து என்ன?

'வெக்கை'யிலிருந்து 2019இல் 'அசுரன்' வந்தது. படம் அப்பாவின் கதை. நாவல் பையனின் தோளில் உட்கார்ந்துகொண்டு அப்பாவைப் பார்க்கிறது. இரண்டையும் பார்த்தால் ஒரே கதையை எங்கே நின்று சொல்வது என்பதுதான் முக்கால்வாசிக் கலை என்று தெரியும். படம் பார்த்துவிட்டீர்களே என்று ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

சங்கப் பாட்டு சாதாரண ஆளுக்குச் சாத்தியமா? ஒரு வரிகூடப் புரியவில்லையே?

குறுந்தொகையில் ஆரம்பியுங்கள். நானூற்றொரு பாட்டு, பெரும்பாலும் நாலு வரியிலிருந்து எட்டு வரிக்குள். ஒரு டீ ஆறுவதற்குள் ஒரு பாட்டை மூன்று முறை படித்துவிடலாம். கபிலர் பாடிய இருபத்தைந்தாவது பாட்டு இது:

யாரும் இல்லைத் தானே கள்வன்
தானது பொய்ப்பின் யானெவன் செய்கோ
தினைத்தாள் அன்ன சிறுபசுங் கால
ஒழுகுநீர் ஆரல் பார்க்கும்
குருகும் உண்டுதான் மணந்த ஞான்றே.

ஒருத்தி பேசுகிறாள். அவன் என்னோடு கூடிய அன்று அங்கே யாரும் இல்லை, அந்தத் திருடன் மட்டும்தான். இப்போது அவனே இல்லை என்று சாதித்தால் நான் என்ன செய்வேன்? பிறகு நினைவு வருகிறது: ஒரு குருகு இருந்தது. தினைத் தாள் போல மெல்லிய, பசுமையான கால். ஓடும் நீரில் ஆரல் மீன் வருமா என்று பார்த்துக்கொண்டு நின்றது.

கதை இவ்வளவுதான். இனிமேல்தான் ருசி. சாட்சி என்று அவளுக்குக் கிடைத்தது ஒரு பறவை, அதற்குப் பேச வராது. அதுவும் இவர்களைப் பார்க்கவில்லை, மீனைப் பார்த்தது. "குருகும் உண்டு" என்பதில் அந்த 'உம்' எவ்வளவு பரிதாபமான 'உம்' பாருங்கள். ஒன்றுமே இல்லாதவள் கையில் இருக்கிற சில்லறையை எண்ணிக் காட்டுகிற மாதிரி. மீனுக்காகக் காத்து நிற்கிற குருகு அந்த ஆளே அல்லவா என்று உரைகாரர்கள் பக்கம் சாய்கிறவர்கள் சொல்வார்கள். இருக்கலாம்.

எங்கள் கூட்டத்தில் கல்லூரிப் பெண் ஒருத்தி சொன்னது என்னை இன்னும் விடவில்லை. "குருகு முழுசா தெரியலையே சார், காலு மட்டும்தான் தெரியுது. அவ அந்த நேரத்துல தலையைக் குனிஞ்சிட்டிருந்திருக்கா." முப்பது வருடமாக அந்தப் பாட்டைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவள் கண் எங்கே இருந்தது என்று எனக்குத் தோன்றவே இல்லை. எந்த உரையிலும் இது இருக்கிறதா என்று நான் தேடப் போவதில்லை.

இன்னொரு வேடிக்கை. குறுந்தொகைப் புலவர் சிலருக்குப் பெயர் தொலைந்துபோய், பாட்டில் வரும் உவமையே பெயராகிவிட்டது. செம்புலப்பெயனீரார், குப்பைக்கோழியார், அணிலாடு முன்றிலார். கடைசியாகச் சொன்னவரின் பாட்டில், அவர் பக்கத்தில் இருந்தால் நான் திருவிழா நடக்கிற ஊர், போய்விட்டால் ஆட்கள் காலி செய்துபோன வீட்டு முற்றத்தில் அணில் விளையாடுமே, அந்த வீடு என்கிறாள். பிழைப்புக்காகப் பாதி ஊர் வெளியேறிய கிராமத்தில் பிறந்தவருக்கு இதற்கு உரை எதற்கு?

எந்தப் பதிப்பு வாங்குவது?

சந்தி பிரித்த பதிப்பு. இதில் கௌரவம் பார்க்காதீர்கள். பழைய பாட்டில் பாதிக் கஷ்டம் பொருளில் இல்லை, சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருப்பதில்தான். இதை உணர்ந்து 1950களில் மர்ரே எஸ். ராஜம் பழைய நூல்களைச் சந்தி பிரித்து, எளிய மக்கள் வாங்கும் விலையில் அச்சிட்டார். அந்த வழியில் இன்று பல பதிப்புகள் உண்டு. குறுந்தொகைக்கு விரிவாக உரை வேண்டும் என்றால் உ. வே. சாமிநாதையரின் 1937ஆம் ஆண்டுப் பதிப்பை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. உரையை மட்டும் பாட்டுக்குப் பிறகு படியுங்கள். முன்னால் படித்தால் பாட்டு விடை தெரிந்த விடுகதை ஆகிவிடும்.

வரியை உடைத்து எழுதினால் கவிதையா? புதுக்கவிதை எனக்கு ஒன்றுமே புரிவதில்லை.

ந. பிச்சமூர்த்தி முதலானோர் எழுதியதைச் சி. சு. செல்லப்பா 1959இல் தொடங்கிய 'எழுத்து' இதழ் தாங்கிப் பிடித்த காலத்திலும் மரபுக்காரர்கள் இதையேதான் கேட்டார்கள். உடைத்து எழுதியதில் நிறைய உடைந்த உரைநடைதான், ஒப்புக்கொள்கிறேன். நல்லதைக் கண்டுபிடிக்க எனக்குத் தெரிந்த சோதனை ஒன்றே: வரிகளைச் சேர்த்து ஒரே பத்தியாக எழுதிப் படித்துப் பாருங்கள். ஒன்றும் குறையவில்லை என்றால் அது கவிதை இல்லை. சோதனை எப்போதும் சரியாக வரும் என்று சத்தியம் செய்ய மாட்டேன்.

புரியவில்லை என்பதற்கு வருவோம். பாரதியின் அக்கினிக் குஞ்சு உங்களுக்குத் தெரியும். காட்டுப் பொந்தில் ஒரு நெருப்புக் குஞ்சை வைத்தேன், வெந்து தணிந்தது காடு, தழல் வீரத்தில் குஞ்சென்றும் மூப்பென்றும் உண்டோ. அதற்கடுத்து என்ன வருகிறது? "தத்தரிகிட தத்தரிகிட தித்தோம்." இதற்கு எந்த அகராதியிலும் பொருள் கிடையாது. எடுத்துவிட்டுப் பாருங்கள், பாட்டு நடுத்தெருவில் நின்றுவிடும். காடு எரிகிற சத்தம் அந்த வரியில்தான் இருக்கிறது. நீங்கள் புரியாமலே ரசித்த கவிதை ஏற்கெனவே உங்கள் வாயில் இருக்கிறது.

நாடகம் பார்க்கிற சமாச்சாரம் அல்லவா? அதை எதற்குப் படிப்பது?

உங்களுக்கு ஒரு நாடகத்தின் தொடக்கம் மனப்பாடம். "நீராருங் கடலுடுத்த" என்று பள்ளியில் தினம் பாடினீர்களே, அது பெ. சுந்தரம் பிள்ளை 1891இல் வெளியிட்ட 'மனோன்மணீயம்' நாடகத்தின் வாழ்த்துப் பாடல். அந்த வாசலைத் தாண்டி உள்ளே போனவர்கள் குறைவு. திருவனந்தபுரத்தில் தத்துவப் பேராசிரியராக இருந்தவர், மேடையைவிடப் படிப்பவரை நினைத்துச் செய்யுளில் எழுதியது. உள்ளே ஜீவகன் என்ற பாண்டியன், அவனைக் குழியில் தள்ளப் பார்க்கும் குடிலன் என்ற மந்திரி. குடிலன் தனியே பேசும் இடங்கள் வில்லன் வேஷம் கட்டுகிறவருக்கு அல்வா. எனக்குப் பிடித்தவன் நடராஜன் என்கிற பாத்திரம். நாட்டில் யுத்தம் மூள்கிற நேரத்தில் அவன் வயலோரம் நின்று மண்புழுவோடு பேசுகிறான். "நாங்கூழ்ப் புழுவே" என்று கூப்பிட்டு, ஓயாத உன் உழைப்பை நான் உணர்கிறேன் என்கிறான். உழவனுக்காக மண்ணைக் கீழிருந்து பதப்படுத்துகிற தொழிலாளியாம் அது. கதைக்கு அந்த இடம் தேவையே இல்லை. நல்ல வேளை, யாரும் வெட்டவில்லை.

நாடகத்தைத் தனியாகப் படித்தால் காய்ந்த சப்பாத்தி. நாலு பேர் பங்கு பிரித்துப் படியுங்கள். இந்திரா பார்த்தசாரதியின் 'ஔரங்கசீப்' எங்கள் கூட்டத்தில் மூன்று மாதம் ஓடியது. ஓய்வு பெற்ற வங்கி அம்மாதான் ஔரங்கசீப். ஷாஜகானாகப் படித்த நண்பரை அவர் அதட்டியதில் கீழே நூலகர் மேலே வந்து பார்த்துவிட்டுப் போனார். நடிக்கத் தெரிய வேண்டியதில்லை. தன் முறை வரும்போது சத்தமாகப் படித்தால் போதும். எதிராளியின் வசனம் எவ்வளவு நீளம், தான் எவ்வளவு நேரம் வாய் மூடி நிற்க வேண்டியிருக்கிறது என்பதெல்லாம் கண்ணால் படிக்கும்போது தெரியாது.

மேடை நாடகம் எங்கள் ஊருக்கு வருவதில்லை. எங்கே போய்ப் பார்ப்பது?

சென்னை சபாக்களை நினைத்துக்கொண்டு கேட்கிறீர்கள். மதுரை, புதுக்கோட்டைப் பக்கம் என்றால் கோவில் திருவிழாவில் சங்கரதாஸ் சுவாமிகளின் 'வள்ளி திருமணம்' இன்றும் விடிய விடிய நடக்கிறது. அங்கே 'ஸ்பெஷல் நாடகம்' என்பார்கள். ராஜபார்ட்டும் ஸ்திரீபார்ட்டும் வேறு வேறு ஊரிலிருந்து வந்து, ஒத்திகை இல்லாமல் அன்று இரவு மேடையில் சந்திப்பார்கள். வள்ளிக்கும் நாரதருக்கும் தர்க்கம் என்று ஒரு கட்டம். பாட்டுக்கு எதிர்ப்பாட்டு, கேள்விக்குக் கிடுக்கிப்பிடி. யார் மடக்குவார் என்று கதையை ஆயிரம் தடவை கேட்ட கிழவர்களும் முன்னால் நகர்ந்து உட்காருவார்கள்.

நான் செய்யாற்றுப் பக்கத்துக்காரன். எனக்கு நாடகம் என்றால் தெருக்கூத்து. திரௌபதி அம்மன் கோவிலில் பாரதம் வைப்பார்கள். பகலில் பிரசங்கம், இரவில் கூத்து. இரண்டு பேர் ஒரு துணியைத் திரையாகப் பிடித்துக்கொள்ள, அதன் பின்னால் நின்று துரியோதனன் பாடுவான். கிரீடத்தின் நுனி மட்டும் மேலே தெரியும். கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் "யாருய்யா நீ?" என்று வம்பிழுப்பான். முகவீணை கீச்சிட, மத்தளம் ஏற, திரை விலகுவதற்குள் எங்களுக்கு மூத்திரம் முட்டிவிடும்.

கோரைப்பாயில் தூங்கிப்போவேன். துகில் உரியும் கட்டம் வந்ததும் அம்மா எழுப்பிவிடுவாள், "தூங்கிட்டா பாவம்டா." களரியில் கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டுவிட்டுத்தான் துச்சாதனன் வேஷக்காரர் புடவையில் கை வைப்பார். எதிரே உட்கார்ந்த பெண்கள் சிலருக்கு மருள் வந்துவிடும். நடிப்பு எங்கே முடிகிறது, சாமி எங்கே தொடங்குகிறது என்று எனக்கு அன்றும் தெரியவில்லை. பாட்டில் பாதி புரியாது, மீதிப் பாதியில் நான் தூக்கம். அப்படியும் நாடகத்தில் பிற்பாடு நான் ரசித்த எல்லாமே அந்தப் பாயிலிருந்துதான் வருகிறது. ஆனி, ஆடியில் அந்தப் பக்கம் போகிறவர்கள் ஒரு ராத்திரி உட்கார்ந்து பாருங்கள். கொசுவத்தி உங்கள் பொறுப்பு.

புத்தகம் வாங்கக் கட்டுப்படியாகவில்லையே?

வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்த்துக் கட்டுகிறீர்கள். அதை வசூலிக்க வேண்டாமா? கிளை நூலகத்தில் உறுப்பினர் ஆக ஆகும் செலவு ஒரு வேளை ஓட்டல் சாப்பாட்டைத் தாண்டாது. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் பழைய நூல்களைத் தட்டச்சு செய்து இணையத்தில் இலவசமாகத் தருகிறது. நாட்டுடைமையான எழுத்தாளர்களின் படைப்புகளும் இலவசமாகக் கிடைக்கும்.

மொழிபெயர்ப்பு நாவல் படிப்பது வீண் வேலை என்கிறார்களே?

சொல்கிறவர் 'செம்மீன்' படித்திருக்க மாட்டார். மலையாளத்தில் தகழி எழுதிய அந்தக் கடலைச் சுந்தர ராமசாமி தமிழுக்குக் கொண்டுவந்தார். த. நா. குமாரசாமி மொழிபெயர்த்த 'ஆரோக்கிய நிகேதனம்' வங்காள நாவல் என்பதே பத்துப் பக்கத்தில் மறந்துவிடும். நாடி பிடித்தே சாவு வருவதைச் சொல்லிவிடுகிற கிராமத்து வைத்தியர் கதை. அதைப் படித்த வாரம் மணிக்கட்டைத் தொட்டுப் பார்க்காதவர் எங்கள் கூட்டத்தில் யாரும் இல்லை.

படித்ததெல்லாம் மறந்துபோகிறது. குறிப்பு எடுக்க வேண்டுமா?

பரீட்சை யாரும் வைக்கப் போவதில்லை. பிடித்த வரிக்குப் பக்கத்தில் பென்சிலில் ஒரு கோடு, அதுவும் சொந்தப் புத்தகத்தில் மட்டும். நூலகப் புத்தகத்தில் "அருமை!" என்று எழுதி வைக்கிற மகராசன் ஒருவர் எங்கள் ஊரில் இருக்கிறார். கதை எங்கே திரும்பப் போகிறது என்பதை முந்தின பக்கத்திலேயே ஓரத்தில் எழுதிவிடுவார். தேடிக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் கூட்டத்துக்கு வர என்ன படித்துவிட்டு வர வேண்டும்?

ஒன்றும் வேண்டாம். வந்து உட்காருங்கள், வாசிப்பதைக் கேளுங்கள். பேச வேண்டும் என்றும் இல்லை. ஒருவர் ஏழு மாதம் வாயே திறக்காமல் வந்துகொண்டிருந்தார். எட்டாவது மாதம் "அந்தக் குருகுப் பாட்ட இன்னொரு தபா படிங்க" என்றார். அடுத்த மாதம் 'வள்ளி திருமணம்' தர்க்கக் கட்டத்தைப் பங்கு பிரித்துப் படிக்கிறோம். நாரதருக்கு இன்னும் ஆள் கிடைக்கவில்லை.